சகனில் நாலாவது இடம்

காரங்காட்டுச் சிலுவைமுத்துவின் மகன் சந்தியாகு பி.காம். தேறியபோது, அந்தப் படிப்பு எதற்கு ஆகும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் சந்தியாகுவுக்கும் அவ்வளவாகத் தெரியாது. “டாக்டருக்கா, வக்கீலுக்கா?” என்று கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். “கணக்குக்கு” என்றான். அவர்கள் முகம் சப்பென்று போய்விட்டது. மீன் வாங்க உள்நாட்டிலிருந்து வரும் சோணையம்மாள் கையெழுத்துப் போடத் தெரியாதவள். நாலு வள்ளத்து மீனை ஏலம் எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று நின்ற நிலையில் சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். “ஏலே, இதுக்கா திருச்சியில போயி நாலு வருசம் கெடந்தே?” என்று அவள் கேட்டபோது அவனிடம் பதில் இல்லை.

பொதுவாகவே அவனிடம் பதில் இருக்காது. இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் நடந்த கோளாறு அத்தனைக்கும் அவன் திறக்காத வாய்தான் காரணம். ஆறாம் வகுப்பிலேயே சாமியார்கள் நடத்தும் விடுதிக்குப் போனவன். அங்கே பேசாமல் இருப்பதற்குப் பரிசு கொடுத்தார்கள். இவன் மூன்று முறை வாங்கியிருக்கிறான்.

அது 1957ஆம் வருஷம். ஜூனில் ரிசல்ட் வந்தது. மதுரையில் இருந்த மில்லுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டான், பாங்குகளுக்குப் போட்டான், ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கும் போட்டான். ஒரே ஒரு மில்லிலிருந்துதான் பதில் வந்தது. ‘தங்கள் விண்ணப்பம் கவனத்தில் வைக்கப்பட்டுள்ளது’ என்று அச்சடித்த அட்டை. அதுதான் வேலைக்கான உத்தரவு என்று நினைத்து அவன் அம்மா அருள்மேரி மாதா படத்துக்கு அடியில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் அந்த அட்டை அங்கேயே இருந்தது.

கடைசியில் பங்குச் சாமியார் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மண்டபத்தில் ஹாஜா முகைதீன் என்பவரின் கருவாட்டு மண்டி. காரங்காட்டுக் கருவாடு முழுக்க அங்கேதான் போகும். அங்கிருந்து பனையோலைப் பாயில் கட்டிச் சிப்பம் சிப்பமாகக் கொழும்புக்குப் போகும். மண்டியில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு எழுதும் மூக்கையாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. சீக்கிரமே அவர் கிராமத்துக்குப் போய் நிலத்தைப் பார்க்கப் போகிறார். ‘இக்கடிதம் கொண்டு வருபவன் படித்தவன், ஒழுக்கமானவன், அதிகம் பேசமாட்டான்’ என்று சாமியார் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வார்த்தையைப் புகழ்ச்சி என்று நினைத்துத்தான் எழுதினார் பாவம்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை சந்தியாகு மண்டபத்தில் போய் இறங்கினான். தங்குவதற்கு மாமா முறையுள்ள சவேரியார் வீட்டில் இடம் கிடைத்தது. மண்டியில் முதலாளி ஹாஜா முகைதீன் கடிதத்தை இரண்டு தரம் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐம்பது வயசிருக்கும். வெள்ளைத் தொப்பி, மெல்லிய குரல்.

“வாங்க தம்பி. மூக்கையாண்ணன் பக்கத்துல இருங்க” என்றார்.

அவ்வளவுதான். வேலை உண்டா, சம்பளம் என்ன, எந்தத் தேதியிலிருந்து, ஒரு பேச்சும் இல்லை. நியமன உத்தரவு எப்படி இருக்க வேண்டும் என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியவன் சந்தியாகு. அந்த உத்தரவை எதிர்பார்த்து அன்று முழுவதும் முதலாளியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஓதுகிற தஸ்பீஹ் மணிதான் உருண்டது.

மூக்கையாவின் கணக்கு அவனுக்குப் பிடிபடவே இல்லை. கல்லூரிப் புத்தகத்தில் கணக்கு என்றால் இரண்டு பக்கம், நடுவில் கோடு, கடைசியில் இரண்டு பக்கமும் சமம். இங்கே நீளவாக்கில் தைத்த சிவப்பு அட்டை நோட்டு. ஆள் பேரே கிடையாது; வள்ளத்தின் பேரில்தான் கணக்கு. எழுத்து எல்லாம் எறும்பு ஊர்ந்தது போல. எண் எது, எழுத்து எது என்று தெரியவில்லை. கால், அரைக்கால், வீசம் என்று மூக்கையா முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார். ஏதாவது கேட்டால், “எழுதினா தெரியும்” என்பார். தெரியாமல் எப்படி எழுதுவது என்று அவன் கேட்கவில்லை. கேட்கிறவனாக இருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லையே.

ஒரே ஒரு காரியத்தில் அவன் கை ஓங்கியது. அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்திருந்தது. கரையில் எல்லோரும் அணாவில் பேசினார்கள். பாங்குக்காரர் நயா பைசாவில் கேட்டார். மூக்கையாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “நயா பைசாவாம் நயா பைசா” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். சந்தியாகு ஒரு அட்டையில் ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்று பதினாறு அணா வரை அழகாக எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான். தராசு பிடிக்கும் ஹமீது அதைப் பார்த்துவிட்டு, “அட, நம்ம தம்பி கெட்டிக்காரப்பய” என்று தோளில் தட்டினான். முதலாளி வந்து அட்டைக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். “நல்லாருக்கு தம்பி” என்றார்.

அது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

ஜும்மா தொழுகை முடிந்து முதலாளியும் ஹமீதும் பள்ளிவாசலிலிருந்து வந்தார்கள். முதலாளி வீட்டிலிருந்து சகன் வந்தது. சகன் என்பது பெரிய தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். நெய்ச்சோறு, மேலே முழுக்க ஆட்டுக்கறி, ஓரத்தில் தாளிச்சா. பாயை விரித்தார்கள். முதலாளி ஒரு பக்கம், மூக்கையா ஒரு பக்கம், ஹமீது ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நாலாவது பக்கத்தைக் காட்டி முதலாளி, “வாங்க தம்பி, உக்காருங்க” என்றார்.

இந்த இடத்தில் மண்டியின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஆளை வேலைக்கு எடுப்பது இப்படித்தான். உத்தரவு கிடையாது, பேச்சு கிடையாது. முதல் வெள்ளிக்கிழமை சகனில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அவன் மண்டி ஆள். வந்த தேதியிலிருந்து சம்பளம், கொழும்பு லாபத்தில் நோன்புப் பெருநாளைக்குத் துணிமணி, நல்லது கெட்டதுக்கு முதலாளி வீடு. முப்பது மைல் கரை முழுக்க இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எடுத்துச் சொல்வார்கள்? ஆறாம் வகுப்பிலேயே ஊரை விட்டுப் போன சந்தியாகு ஒருவனுக்குத்தான் தெரியாது.

அவனுக்குத் தெரிந்தது வேறு. வெள்ளிக்கிழமை வேதக்காரர்களுக்குச் சுத்தபோசனம். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள். கறி தொடக்கூடாது, தொட்டால் பாவம். மீன் சாப்பிடலாம், கறி ஆகாது. காரங்காட்டில் பிறந்த குழந்தைக்குப் பால்குடி மறக்கும்போதே இது தெரிந்துவிடும். ஆனால் மண்டியில் மற்ற மூவருக்கும் இது தெரியாது. வேதக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள் என்று தெரியும். வெள்ளிக்கிழமையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

“இன்னைக்கு எங்களுக்குக் கறி ஆகாது மொதலாளி” என்று ஒரு வார்த்தை. அஞ்சே அஞ்சு சொல். சந்தியாகு அதைத் தொண்டை வரை கொண்டுவந்தான். பிறகு ஆயிரம் யோசனை. வந்த ஐந்தாம் நாளே வேதம் பேசுகிறான் என்று நினைத்தால்? துலுக்கர் வீட்டுச் சோற்றுக்கு முகம் சுளிக்கிறான் என்று எடுத்துக்கொண்டால்? அவன் வாய், அவன் மூளையைக் கலந்துகொள்ளாமலே ஒன்றைச் சொல்லிவிட்டது.

“வயிறு சரியில்லைங்க மொதலாளி. நீங்க சாப்பிடுங்க.”

“அப்படியா” என்றார் முதலாளி. பிஸ்மில்லா சொல்லி மூவரும் சாப்பிட்டார்கள். நாலாவது பக்கத்துச் சோற்றை யாரும் தொடவில்லை. அது அப்படியே குவிந்து நின்றது. ஒரு ஆள் பங்குச் சோற்றை எதற்கு வீணாக்குகிறார்கள் என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

இரண்டாவது வெள்ளி, “சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்” என்றான். மூன்றாவது வெள்ளி பல்வலி. நாலாவது வெள்ளி, சகன் வரும் நேரம் பார்த்து, கடிதம் போட வேண்டும் என்று தபாலாபீசுக்கு நடையைக் கட்டினான். கையில் கடிதமே இல்லை. ஒரு கார்டு வாங்கி, வேண்டாத மாமா ஒருவருக்கு நலம் விசாரித்து எழுதிப் போட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தான்.

அதற்குள் மண்டியில் காற்று மாறிவிட்டது. தோளில் தட்டிய ஹமீது இப்போது தட்டுவதில்லை. ‘தம்பி’ போய் ‘சார்’ வந்தது. முதலில் ஹமீது, பிறகு சிப்பம் கட்டுகிறவர்கள், கடைசியில் முதலாளியே, “சார், அந்தப் பில்லைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். இருபத்தெட்டு வருஷம் மண்டியில் கிடந்த மூக்கையாவையே யாரும் சார் என்றதில்லை. நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. இது உயர்வா, தாழ்வா? உயர்வு என்றுதான் அவன் மனசு எடுத்துக்கொண்டது. அன்றே வீட்டுக்குக் கடிதம் எழுதினான். ‘இங்கு எல்லோரும், முதலாளி உட்பட, என்னைச் சார் என்றே அழைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி வீட்டிலிருந்து சகனில் கறிச்சோறு வருகிறது. என்னையும் உட்காரச் சொல்கிறார்கள். நான் ஒருமுறைகூடத் தொடவில்லை. சுத்தபோசனத்தைத் தவறாமல் காத்துவருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவும்.’

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

மாதக் கடைசி வந்தது. மூக்கையா சம்பளப் பட்டியல் போட உட்கார்ந்தார். கண் வரவர மங்கிவிட்டதால் அவர் சொல்ல, சந்தியாகுதான் எழுத வேண்டும். மூக்கையா, ஹமீது, சிப்பம் கட்டும் தவசி, வண்டிக்கார முனியசாமி என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பேருக்கும் அடுத்தது நம் பேர் என்று சந்தியாகுவின் பேனா அரை அங்குலம் முன்னாலேயே போய் நின்றது. சுமை இறக்குகிற ஏழு பேரும் முடிந்தார்கள். வாசல் பெருக்குகிறவளும் முடிந்தாள்.

“அம்புட்டுத்தான். கோடு போடுங்க” என்றார் மூக்கையா.

சந்தியாகு கோடு போட்டான். கோடு கோணலாகப் போயிற்று. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியவன் பேர் பட்டியலில் இல்லை. அப்படியானால் வேலை இல்லையா? வேலை இல்லை என்றால் சார் எதற்கு? சார் என்றால் வேலை எங்கே? அன்று தைரியத்தையெல்லாம் கூட்டி, ஒரு மாதத்தில் முதல் முறையாகத் தன்னைப் பற்றிக் கேட்டேவிட்டான்.

“அண்ணே, என் வேலை விஷயம்…”

மூக்கையா புரை விழுந்த கண்ணை அவன் பக்கம் திருப்பினார். “அதை நீங்கதானே சொல்லணும்.”

“நானா?”

“பின்ன நானா?” என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். அவருக்கும் கோபம் இருந்தது. கிராமத்தில் நிலம் காத்துக் கிடக்கிறது. இவன் ஒத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் கிளம்பலாம். ஒத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறான், போகவும் மாட்டேன் என்கிறான். சர்க்கார் வேலைக்கு எங்கேயோ எழுதிப் போட்டுவிட்டு, அதுவரை பொழுதுபோக்க வந்திருக்கிறான் என்று மண்டியில் முடிவுகட்டிவிட்டார்கள். அதுவும் நாலு வாரமாகச் சோற்றைத் தொடாத ஆள். இதெல்லாம் சந்தியாகுவுக்கு எப்படித் தெரியும்? கண்ணைக் கட்டிவிட்டதுபோல உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதலாளி கூப்பிட்டு, “சார், ஒரு கடுதாசி எழுதணும்” என்றார். கீழக்கரையில் இருக்கும் சிநேகிதருக்கு. அவர் சொல்லச் சொல்ல இவன் எழுதினான். ‘மண்டிக் கணக்குக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. தங்கள் மருமகனை வரும் சனிக்கிழமை அனுப்பிவைக்கவும். வந்ததும் மூக்கையா பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.’

எழுதி முடித்தபின்தான் எழுதியது மண்டையில் ஏறியது. கணக்குக்கு ஆள் தேவைப்படுகிறது என்றால் நான் யார்? இதை முதலாளியிடம் கேட்கத்தான் நிமிர்ந்தான். முதலாளி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “எழுத்து நல்லாருக்கு” என்றார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. அது ஏன் என்றும் அவனுக்கு விளங்கவில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்த்ததும் அவன்தான். தன் வேலைக்குத் தானே உலை வைத்துவிட்டு, தபால்பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்தான். உள்ளே போன கடிதத்தை எடுக்க வழியில்லை.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. ஊருக்குப் போய் என்ன சொல்வது? சிலுவைமுத்து ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார், மகனுக்கு மண்டபத்தில் வேலை என்று. சோணையம்மாள் வரை போயிருக்கும். இனி ஒரு மில், இனி ஒரு விண்ணப்பம், இனி ஒரு அட்டை, அம்மாவின் மெழுகுவர்த்தி. நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. அழுதால் சவேரியார் மாமா ஏன் என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே அழவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். சகன் வந்து பாயில் இறங்கியது. இந்த முறை முதலாளி அவனைக் கூப்பிடவில்லை. மூன்று பேரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சந்தியாகு தூண் ஓரத்தில் பேரேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிடாதது நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

அப்போது வாசலில் சிலுவைமுத்து வந்து நின்றார். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ராமநாதபுரம் வந்து பஸ் மாறி, விடியற்காலையிலிருந்து பயணம். மகனின் கடிதத்தைப் பங்குச் சாமியார் வாசித்துக் காட்டியபோது அருள்மேரி பூரித்துப்போனாள். சிலுவைமுத்துவுக்கு மட்டும் பகீரென்றது. நாற்பது வருஷமாக இந்தக் கரையில் கருவாடு கொடுக்கிறவர். சகனில் உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம், உட்காராவிட்டால் என்ன அர்த்தம், மண்டியில் ஒருவனைச் சார் என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும்; சார் என்றால் வெளியாள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார்.

“வாங்கண்ணே, வாங்க வாங்க!” முதலாளி உட்கார்ந்தபடியே கை நீட்டினார். “நல்ல நேரத்துக்கு வந்தீங்க. கையக் கழுவிட்டு வாங்க.”

சிலுவைமுத்து சகனைப் பார்த்தார். தொடாத நாலாவது பக்கத்தைப் பார்த்தார். தூண் ஓரத்தில் நின்ற மகனைப் பார்த்தார். போய்க் கை கழுவி வந்து, அந்த நாலாவது இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“எம் மகன் எடத்துல நான் உக்காந்துக்கிறேன் மொதலாளி. அவன் கூச்சக்காரப்பய. ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீங்க.”

முதலாளி முகத்தில் குழப்பம். “அவருக்கு இங்கன இருக்கப் பிரியமில்லையோன்னுல்ல நெனச்சேன். கீழக்கரைக்கு வேற எழுதிப் போட்டுட்டேன்.”

“பிரியமில்லாம என்ன? இருப்பான். இந்த மண்டியிலதான் இருப்பான்” என்றார் சிலுவைமுத்து. சொல்லிவிட்டுச் சகனில் கையை வைத்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போடாமல் அய்யா ஒரு கவளம் எடுத்ததைச் சந்தியாகு பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இன்று போடவில்லை. நெய்ச்சோற்றைப் பிசைந்தார். அதில் கறித் துண்டு இருந்தது. ஒருமுறை வள்ளம் திசைமாறி ஏதோ தீவில் ஒதுங்கி இரண்டு நாள் பட்டினி கிடந்தபோது, வெள்ளிக்கிழமை என்று அங்கிருந்தவர்கள் கொடுத்த ஆட்டுக்கறியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்துப் படுத்த மனுஷர் அவர். அந்தக் கையால் கறித்துண்டை எடுத்து வாயில் வைத்து மென்றார். தலையைக் குனிந்துகொண்டு மென்றார். இரண்டாவது கவளமும் எடுத்தார்.

சந்தியாகுவின் கையிலிருந்த பேரேடு கீழே விழுந்தது.

“அய்யா! இன்னைக்கு வெள்ளிக்கிழமை!”

அந்த மண்டியில் அவன் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பினார்கள்.

“வெள்ளிக்கிழமைதான். அதுக்கென்ன?” என்றார் முதலாளி.

பிறகு சந்தியாகு பேசினான். ஒரு மாதமாக அடைத்துக் கிடந்தது அத்தனையும் வந்தது. முன்னது பின்னது தெரியாமல், திக்கித் திணறி வந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி ஆகாது மொதலாளி, வயிற்றுவலி இல்லை, பல்வலியும் இல்லை, அன்று நான் சாப்பிட்டுவிட்டு வரவில்லை, பட்டினி, தபாலாபீசில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, உங்கள் சோற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அய்யா கறி தின்றால் பாவம், அய்யா சாப்பிடக் கூடாது, அய்யாவை எழுந்திருக்கச் சொல்லுங்கள். கடைசி வார்த்தை வரும்போது குரல் உடைந்துவிட்டது.

“அஸ்தஃபிருல்லா!” முதலாளி சகனிலிருந்து கையை எடுத்துவிட்டார். மூக்கையா மென்றதை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினார். “அண்ணே, தெரிஞ்சேவா கைய வச்சீங்க?”

“தெரியாம என்ன மொதலாளி?” சிலுவைமுத்து தலையை நிமிர்த்தவில்லை. “சாமிகிட்ட நான் போயிச் சொல்லிக்கிருவேன். அவரு கேட்டுக்கிருவாரு. உங்ககிட்ட வந்து சொல்ல இவனுக்கு வாய் வரலியே. அந்த எடத்துல எங்க வீட்டுக் கை ஒண்ணு படணும்ல, நான் வேற என்ன பண்ண?”

சகனில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. முதலாளிக்குக் கோபம் வந்தது. அந்த மெல்லிய குரல்காரருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தார்கள்.

“ஏலே சந்தியாகு! இங்கன வாடா. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா மீன் ஆணம் வச்சுக் குடுக்க எங்க வீட்ல ஆளில்லையா? பெத்த தகப்பன இந்தப் பாடு படுத்திட்டியேடா, பாவி.” அவர் கண் கலங்கியிருந்தது. “ஹமீது, போயி கீழக்கரைக்குத் தந்தி குடு. ஆளு வேண்டாம். நம்ம பய இருக்கான்.”

சார் போய்விட்டது. ஏலே வந்தது. சந்தியாகுவுக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. திட்டுகிறாரா, வேலை கொடுக்கிறாரா என்று முழித்துக்கொண்டு நின்றான். மூக்கையாதான், “பட்டியல எடுத்து உம் பேர எழுதுடா, மடப்பயலே. கோட்டுக்குக் கீழயே எழுது” என்று அதட்டினார். எழுதினான். செப்டம்பர் இரண்டாம் தேதியிலிருந்து, மாதம் அறுபது ரூபாய்.

அந்தப் பட்டியலில் ஏறிய பேர் பிறகு முப்பத்தோரு வருஷம் இறங்கவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து சகனில் ஒரு பக்கம் மட்டும் மீன் வந்தது. ரோமாபுரியில் சட்டத்தைத் தளர்த்தி, வெள்ளிக்கிழமை கறி தின்னலாம் என்று வந்த பிறகும் அந்த வீட்டுப் பெண்கள் நாலாவது பக்கத்துக்கு மீனைத்தான் அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அய்யாவைப் பஸ் ஏற்ற சந்தியாகு கூடப் போனான். வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பேரும் சாலை ஓரத்தில் நின்றார்கள். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று வழக்கம்போல அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் இந்த முறை சொன்னான்.

“அய்யா, நான் நாலு வெள்ளிக்கிழமையும் பொய் சொல்லியிருக்கேன்.”

“தெரியும்லே. சுத்தபோசனம் காத்த லெச்சணம்.” சிலுவைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். “நாயித்துக்கிழம ஊருக்கு வா. ரெண்டு பேருமா சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு நிப்போம். நீ மொதல்ல போ.”

“நீங்க ஏன் பின்னால?”

சிலுவைமுத்து ரோட்டைப் பார்த்தார். பஸ் வரும் சத்தம் கேட்டது. மகன் பக்கம் குனிந்து, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

“கறி நல்லாத்தான் இருந்துச்சுடா. அதச் சாமியார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல.”